வீட்டில் ஒரு குடும்பம். எல்லையில் இரண்டு பாஸ்போர்ட்டு!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் வரும் ஊர் திருமழிசை. ஆழ்வார் பிறந்த ஊர். அந்த ஆழ்வாரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் காஞ்சீபுரத்தில் இருந்தார். பல்லவ மன்னனுக்கு அவர் மீது கோபம் வந்தது. "என் நாட்டை விட்டுப் போ!" என்று கட்டளை இட்டான். சீடர் புறப்பட்டார். குருவும் கூடவே புறப்பட்டார். ஆழ்வார் அழைக்க, பெருமாளும் அவர்கள் பின்னால் கிளம்பிவிட்டார்!

மூவரும் ஊரைத் தாண்டிப் போய் ஓர் இரவு தங்கினார்கள். "ஓரிரவு இருக்கை" என்ற அந்த இடம்தான் இன்றைய ஓரிக்கை என்பார்கள். மன்னன் ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்டான். மூவரும் ஊர் திரும்பினார்கள்.

எல்லையைத் தாண்டுவது, ஓர் இரவு தங்குவது, திரும்பி வருவது. இந்தக் காலத்திலும் இது நடக்கிறது. கணவனும் மனைவியும் கையில் பாஸ்போர்ட்டுடன் அப்படிப் போய் வருகிறார்கள். ஆனால் இன்று அவர்களை வரவேற்க எந்த மன்னனும் ஓடி வருவது இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்து இருக்கிறார். அவர் முத்திரை குத்தினால் உள்ளே. குத்தாவிட்டால் வெளியே!

இதற்கு "விசா ஓட்டம்" என்று பெயர்.

விசா ஓட்டம் என்றால் என்ன?

ஓர் அயல்நாட்டுக்கு நீங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள். அந்த நாடு 30 நாள் தங்க அனுமதி கொடுக்கிறது. 30 நாள் முடியப்போகிறது. இன்னும் தங்க ஆசை. என்ன செய்வது?

பக்கத்து நாட்டின் எல்லைக்கு பஸ்சிலோ ரெயிலிலோ போகிறார்கள். அங்கே நுழைகிறார்கள். சாப்பிட்டுவிட்டு, கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ திரும்பி வருகிறார்கள். மறுபடியும் ஒரு முத்திரை. மறுபடியும் 30 நாள்!

சட்டத்தின் கதவு ஒன்றுதான். அதன் வழியாக வெளியே போய், அதன் வழியாகவே உள்ளே வருகிறார்கள். திருட்டுத்தனமாகச் சுவர் ஏறிக் குதிப்பது இல்லை. அதனால் "இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள்.

தப்பா, சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று பார்ப்போம்.

திறந்த கதவு

இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்தது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் என்று ஆரம்பித்து, 2024 ஜூலை 15 முதல் 60 நாளாக உயர்த்தியது. அதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் பிறகு அங்கே எழுந்தது. ஆகவே, புறப்படுகிற அன்று என்ன விதி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு நாடுகளும் எதற்காகக் கதவைத் திறந்தன? சுற்றுலாப் பயணிகள் வந்து பணம் செலவு செய்ய வேண்டும் என்பதற்காக. ஓட்டலில் தங்குங்கள், கடையில் வாங்குங்கள், ஊருக்குத் திரும்புங்கள் என்பதுதான் அழைப்பு. குடியிருக்க அழைப்பு அல்ல. வேலை செய்யவும் அழைப்பு அல்ல.

ஆனால் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் கதவு வேறு விதமாகத் தெரிந்தது.

பரோட்டா மாஸ்டரின் மனைவி

ஓர் உதாரணம் சொல்கிறோம். இது கற்பனைக் குடும்பம். ஆனால் இதில் வரும் சட்டங்கள் எல்லாம் உண்மை.

திருமழிசையில் ஒரு சிற்றுண்டிக் கடை. அங்கே ஒருவர் பரோட்டா மாஸ்டர். மலேசியாவில் பினாங்குப் பக்கம் ஓர் உணவு விடுதியில் அவருக்கு வேலை கிடைக்கிறது. முறைப்படி தற்காலிக வேலை அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார். மாதம் தவறாமல் பணம் வருகிறது. மனைவி இங்கே, கணவர் அங்கே. கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது!

மனைவியை அழைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. மலேசியாவில் இந்தத் தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளி, குடும்பத்தை அழைத்து வந்து குடியிருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பெரிய சம்பளத்தில் நிபுணர் வேலைக்குப் போகிறவருக்கு மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழி உண்டு. பரோட்டா மாஸ்டருக்குக் கிடையாது.

ஆகவே, மனைவி சுற்றுலாப் பயணியாகப் போகிறார். 30 நாள் கணவருடன் இருக்கிறார். 29-வது நாள் பிரிய மனம் வரவில்லை. அப்போது யாரோ ஒருவர் யோசனை சொல்கிறார்:

"தாய்லாந்து பக்கத்தில்தானே இருக்கிறது? இரண்டு பேருமாகப் போய்விட்டு வாருங்கள். இன்னும் 30 நாள் கிடைக்கும்!"

பாடாங் பெசார் ஸ்டேஷன்

பினாங்குக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்தில் ரெயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் பாடாங் பெசார் வந்துவிடும். மலேசியாவின் வடக்கு எல்லை அது. அந்த ஸ்டேஷனில் ஒரு விசேஷம் உண்டு. மலேசிய அதிகாரிகளும் தாய்லாந்து அதிகாரிகளும் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்து இருக்கிறார்கள். ஒரு மேஜையில் "போய் வா" என்று முத்திரை. சில அடி தூரத்தில் அடுத்த மேஜையில் "வா" என்று முத்திரை.

எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட 1 மணி பின்தங்கியது. அங்கிருந்து ஹாட்யாய் நகரம் சுமார் 1 மணி நேரப் பயணம். பஸ்சில் வருகிறவர்கள் புக்கிட் காயு ஹீத்தாம் என்ற மலேசிய எல்லையைத் தாண்டி, சடாவ் வழியாகப் போவார்கள்.

இந்த எல்லைக்கும் தமிழனுக்கும் பழைய உறவு உண்டு. அது கண்ணீர் உறவு. 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரெயில் பாதை போட்டார்கள். 415 கிலோ மீட்டர் நீளம். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ரெயிலில் ஏற்றி வடக்கே கொண்டு போனார்கள். பாஸ்போர்ட்டு இல்லை; விசா இல்லை; விருப்பமும் இல்லை! கணவர் திரும்புவார் என்று தோட்டத்தில் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். பலருக்குக் கணவர் திரும்பவே இல்லை.

அன்று பிரிவதற்காகத் தாண்டிய எல்லையை, இன்று பிரியாமல் இருப்பதற்காகத் தாண்டுகிறார்கள்!

திரும்பும்போதுதான் சோதனை

போவது சுலபம். வருவதுதான் கஷ்டம்.

திரும்பும்போது கணவர் தம் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். அதில் வேலை அனுமதி இருக்கிறது. அதிகாரி பார்க்கிறார். அனுப்பிவிடுகிறார்.

அடுத்து மனைவி. அவர் சுற்றுலாப் பயணி. நேற்றுத்தான் வெளியே போனார். 29 நாள் உள்ளே இருந்திருக்கிறார். இன்று மறுபடியும் வருகிறார். "எதற்காக வருகிறீர்கள்? எங்கே தங்குகிறீர்கள்? ஊருக்குத் திரும்ப டிக்கெட்டு எங்கே? கையில் பணம் எவ்வளவு?"

மனைவிக்கு அந்த மொழி தெரியாது. கணவர் பதில் சொல்லப் போனால், "நீங்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள்" என்பார்கள்.

அதிகாரி மனம் வைத்தால் விடுவார். சந்தேகப்பட்டால் விடமாட்டார். விசா இல்லாமல் வரும் சலுகை உரிமை அல்ல. வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி. வீட்டுக்காரர் "வாருங்கள்" என்றால்தான் உள்ளே போகலாம்.

மறுத்துவிட்டால்? கணவர் மலேசியாவில். மனைவி தாய்லாந்து எல்லையில். துணி மணி பினாங்கில். அந்தப் பெண் தனியாக ஹாட்யாய் போய், அங்கிருந்து விமானம் பிடித்துச் சென்னை வந்து சேர வேண்டும்.

திருமழிசை வீட்டில் அவர்கள் ஒரு குடும்பம். ஒரே ரேஷன் கார்டு. எல்லையில் அப்படி இல்லை. அங்கே இரண்டு பாஸ்போர்ட்டு, இரண்டு கணக்கு, இரண்டு தீர்ப்பு! குழந்தை இருந்தால் மூன்றாவது பாஸ்போர்ட்டு, மூன்றாவது கணக்கு.

"குடும்பமாகப் போனால் சந்தேகப்பட மாட்டார்கள்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வது உண்டு. அதை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் குடும்பத்தைப் பார்ப்பது இல்லை. தேதியைத்தான் பார்க்கிறது.

தாய்லாந்தின் கெடுபிடி

தாய்லாந்தும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. விசா இல்லாமல் தரை வழியாக வருகிறவர்கள் ஆண்டுக்கு 2 தடவைதான் வரலாம் என்று 2016 டிசம்பர் 31-ல் ஒரு விதி போட்டது. 2025 நவம்பரில் இன்னும் கடுமையாக அறிவித்தது. தக்க காரணம் இல்லாமல் 2 தடவைக்கு மேல் இப்படிப் போய்ப் போய் வருகிறவர்களை உள்ளே விட வேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொன்னது.

நாள் கடந்து தங்கினால் தண்டனை உண்டு. தாய்லாந்தில் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம். அதிகபட்சம் 20,000 பாட். அதோடு முடிவது இல்லை. 2016 மார்ச்சில் வந்த விதிப்படி, 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டு, தானாக வந்து சரண் அடைந்தால் 1 ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. போலீசார் பிடித்தால், சில நாளே கூடுதலாகத் தங்கி இருந்தாலும் 5 ஆண்டு தடை.

மலேசியாவில் நாள் கடந்து தங்குவது கிரிமினல் குற்றம். அபராதத்தோடு 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

துபாயிலும் இதே கதை

மலேசியாவை மட்டும் சொல்வானேன்? வளைகுடா நாடுகளிலும் இதே கதைதான்.

துபாய்க்கு "விசிட் விசா"வில் போய் வேலை தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். விசா முடிந்ததும் ஒரு காலத்தில் ஈரானுக்குச் சொந்தமான கிஷ் தீவுக்கு விமானத்தில் போய், புது விசா வரும்வரை காத்துக் கிடந்தார்கள். பிறகு பஸ் ஏறி ஓமான் நாட்டு எல்லைக்குப் போய் வந்தார்கள். நடுவில் சில காலம், நாட்டுக்குள் இருந்தபடியே விசாவை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. 2022 டிசம்பரில் அபுதாபியிலும் ஷார்ஜாவிலும் அதை நிறுத்தினார்கள். பஸ்களுக்கு மறுபடியும் கூட்டம் வந்தது!

அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சம்பளம்தான் அளவுகோல். மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹம் சம்பளத்தோடு கம்பெனி வீடு கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மனைவிக்குக் குடியிருப்பு விசா கிடையாது. விருந்தாளி விசாதான்.

நாள் கடந்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். கணவன் மனைவி இரண்டு பேர் என்றால் 100 திர்ஹம். ஒரு மாதத்தில் 3,000 திர்ஹம்! ஒரு தொழிலாளியின் சம்பளத்தை அபராதமே விழுங்கிவிடும். இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்காக அந்த நாட்டு அரசாங்கம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை பொது மன்னிப்பு கொடுத்தது. அபராதம் கட்டாமல் ஊர் திரும்ப அனுமதித்தது.

ஆற்றைத் தாண்டினால் ஆபத்து

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் மேசோட் என்று ஓர் ஊர். நடுவில் மோயி ஆறு. அக்கரையில் பர்மாவின் மியாவாடி.

"தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை" என்று நம்பிப் போன நம் வாலிபர்கள் பலரை, இந்த ஆற்றைத் தாண்டிக் கொண்டு போனார்கள். அங்கே அடைத்து வைத்து, டெலிபோனிலும் இன்டர்நெட்டிலும் ஊரை ஏமாற்றும் மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மேசோட்டுக்கே போய் 549 இந்தியர்களை அழைத்து வந்தன.

விசா ஓட்டம் வேறு, இது வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே முதல் வரிதான்: "சுற்றுலாவாகப் போங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!"

நம் நாடு மட்டும் என்ன செய்தது?

அயல்நாட்டாரை மட்டும் குறை சொல்லக் கூடாது. நம் இந்தியாவும் இதையே செய்தது.

வெள்ளைக்காரத் தம்பதிகள் பலர் சுற்றுலா விசாவில் வந்து, மாதக்கணக்கில் இங்கே தங்குவார்கள். நாள் முடிந்ததும் நேபாளத்துக்கோ இலங்கைக்கோ போய்த் திரும்புவார்கள். 2009 கடைசியில் இந்திய அரசாங்கம் ஒரு விதி போட்டது. வெளியே போனால் மறுபடி வர 2 மாதம் காத்திருக்க வேண்டும் என்றது. பல குடும்பங்கள் தவித்தன. 2012 கடைசியில் பெரும்பாலான நாட்டாருக்கு அந்த விதியை நீக்கினார்கள்.

வேறு மாதிரி எல்லையும் உண்டு. 1950 ஜூலை 31-ல் இந்தியாவும் நேபாளமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால் இரண்டு நாட்டு மக்களும் பாஸ்போர்ட்டு, விசா இல்லாமல் தரை எல்லையைத் தாண்டலாம். நேபாளி ஒருவர் திருமழிசைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தால், மனைவியை ரெயிலில் அழைத்து வந்து பக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கலாம். "உன் சம்பளம் எவ்வளவு?" என்று எந்த அதிகாரியும் கேட்பது இல்லை.

திருமழிசைக்காரர் பினாங்கு போனால் அது முடியவில்லை. ஏன்? இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசினால் கதவு அகலமாகிறது. பேசாவிட்டால் சன்னலாகவே இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளில் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகையும் தாலியும் எல்லை அதிகாரிக்குச் சாட்சி ஆகாது. பதிவுச் சான்றிதழ்தான் சாட்சி.

2. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், 1983-ம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான மத்திய அரசு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

3. 30 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. மாதத்துக்கு 31 நாளும் உண்டு. கொடுத்த கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கணவருக்குத் தனி வட்டம். மனைவிக்குத் தனி வட்டம்.

4. தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கும் அப்படி ஒரு படிவம் உண்டு. இரண்டும் இலவசம். இதற்கு ஏஜெண்டு பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. மனைவியின் பாஸ்போர்ட்டு, திரும்பும் டிக்கெட்டு, செலவுப் பணம் மூன்றும் மனைவியின் கைப்பையிலேயே இருக்கட்டும். எல்லையில் பிரிக்கப்பட்டால் அதுதான் துணை.

6. சிக்கல் வந்தால் ஒளியாதீர்கள். கோலாலம்பூரில் இந்திய ஹை கமிஷன் இருக்கிறது. பாங்காக்கில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. இங்கே தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

யார் மாற வேண்டும்?

"இப்படி ஓடாதீர்கள்" என்று அந்தத் தம்பதிக்குப் புத்தி சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? ஊர் சுற்றவா? இல்லை. சேர்ந்து இருக்க!

பெரிய சம்பளக்காரர் மனைவியுடன் விமானத்தில் போய் இறங்குகிறார். சின்னச் சம்பளக்காரரின் மனைவி, மாதம் ஒரு தடவை எல்லையில் வரிசையில் நின்று, அந்நிய அதிகாரி முகத்தைப் பார்க்கிறார். கல்யாணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சம்பளச் சீட்டுத்தான் வேறு.

அயல்நாட்டுக்கு ஆள் அனுப்ப நம் அரசாங்கம் ஒப்பந்தம் போடும்போது, சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்று கேட்கிறது. அது நல்லது. அதோடு இன்னும் ஒரு வரி சேர்த்துக் கேட்கட்டும்: "தொழிலாளியின் மனைவி, ஆண்டுக்கு இத்தனை மாதம் அவரோடு வந்து தங்கலாம்!"

அந்த ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், பாடாங் பெசார் ஸ்டேஷனில் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே குடும்பத்தின் பாஸ்போர்ட்டாகப் பார்ப்பார்கள்.